பெயரிலேயே ‘கேஷ்’... ஆனாலும் கடனில் மூழ்கியவர்! - ஜே.சி.பென்னியின் கதை சொல்லும் பாடம்

1930-களின் தொடக்கம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பேட்டில் கிரீக் என்ற ஊரிலிருந்த பெரிய மருத்துவ நிலையத்தில் ஒரு நோயாளி. உடம்பெங்கும் அக்கி. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. ஓர் இரவு, ‘இன்றோடு எல்லாம் முடிந்தது, விடியலைப் பார்க்க மாட்டேன்’ என்று அவருக்குத் தோன்றிவிட்டது. படுக்கையிலிருந்து எழுந்தார். மனைவிக்கும் மகனுக்கும் விடைபெறும் கடிதங்களை எழுதி வைத்துவிட்டுப் படுத்தார்.

அந்த நோயாளி சாதாரண ஆள் இல்லை. அமெரிக்கா முழுக்க சுமார் 1,400 கடைகளுக்கு அவர் பெயர்தான். ஜே.சி.பென்னி. முழுப் பெயர், ஜேம்ஸ் கேஷ் பென்னி. ஆம், பெயரிலேயே ‘கேஷ்’! ரொக்கத்துக்கு மட்டுமே விற்பனை, கடன் கிடையாது என்ற கொள்கையால் வளர்ந்தவர். அவரையே கடன் படுக்கையில் தள்ளியிருந்தது.

ஓயாத உழைப்பு, கழுத்தை நெரிக்கும் கடன். சொந்தத் தொழில் செய்யும் பலர் வீட்டில் இந்த இரண்டும் ஒன்றாகத்தான் குடியிருக்கின்றன. பிரசங்கியார் ஒருவரின் மகனாகப் பிறந்து, விவிலிய வாசகத்தையே கடைக்குப் பெயராக வைத்த பென்னி, இந்த இரண்டிடமும் எப்படிச் சிக்கினார், எப்படி மீண்டார்? கடன் பற்றியும் ஓய்வு பற்றியும் கிறிஸ்தவ நம்பிக்கை என்னதான் சொல்கிறது?

எட்டு வயதில் சொந்தச் செருப்பு

பென்னி பிறந்தது 1875-ல், மிசௌரி மாநிலத்தின் ஹாமில்டன் என்ற சிற்றூரில். அப்பா விவசாயி, சம்பளம் வாங்காத பாப்டிஸ்ட் பிரசங்கியார். பிள்ளைகள் அதிகம், வருமானம் குறைவு. பென்னிக்கு எட்டு வயதானதும், “இனிமேல் உன் உடுப்புக்கான பணத்தை நீயே சம்பாதித்துக்கொள்” என்று அப்பா சொல்லிவிட்டார். அப்போது பையன் காலிலிருந்த ஷூவில் ஓட்டை.

சேர்த்து வைத்திருந்த காசில் பன்றிக்குட்டி வாங்கி வளர்த்தான் சிறுவன். ஒன்று பலவானது. ஆனால், நாற்றம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தில் முகம் சுளித்தார்கள். நல்ல விலை வரும்வரை காத்திருக்காமல் உடனே விற்றுவிடச் சொன்னார் அப்பா. பின்னொரு முறை, ஊர்ச் சந்தையின் வாசலுக்கு வெளியே தர்பூசணி விற்றான். அதற்கும் அப்பா தடை போட்டார். உள்ளே கடை போட்டவர்கள் எல்லாம் கட்டணம் கட்டியிருக்கிறார்கள், நீ கட்டணம் இல்லாமல் வெளியே விற்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்பது அவர் வாதம். உழைப்பு, நேர்மை என்ற இரண்டு பாடங்களும் இப்படித்தான் பையனுக்குள் இறங்கின.

1895-ல் உள்ளூர்த் துணிக்கடையில் வேலை. முதல் 11 மாதங்களுக்குச் சம்பளம் 25 டாலர், அதாவது மாதத்துக்கு 2.27 டாலர்! அதே ஆண்டில் அப்பா இறந்துபோனார். குடும்பக் கவலையையும் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு உழைத்தான் இளைஞன். இரண்டே ஆண்டுகளில் உடம்பு விட்டுக்கொடுத்தது. ‘இப்படியே போனால் காசநோயில் போய் முடியும், காற்றோட்டமான ஊருக்குப் போ’ என்று டாக்டர் எச்சரித்தார். 21 வயதில் பென்னி கொலராடோ மாநிலத்துக்கு மூட்டை கட்டினார். அளவுமீறி உழைத்தால் உடம்பு கணக்குக் கேட்கும் என்பதற்கு அவர் வாழ்க்கையில் வந்த முதல் எச்சரிக்கை அது.

அங்கே லாங்மான்ட் என்ற ஊரில், சேமிப்பை எல்லாம் போட்டு ஒரு கறிக்கடை வாங்கினார். அந்தக் கடையின் பெரிய வாடிக்கையாளர் உள்ளூர் ஹோட்டல். வாராவாரம் ஒரு பாட்டில் விஸ்கி வாங்கிக் கொடுத்தால்தான் ஆர்டர் என்றார் அதன் சமையல்காரர். ஒருமுறை கொடுத்தார் பென்னி. மனசாட்சி உறுத்தியது. அடுத்த முறை மறுத்தார். ஆர்டர் போனது, பின்னாலேயே கடையும் போனது.

‘இன்று ரொக்கம், நாளை கடன்’

கடையை இழந்தவர் மறுபடியும் துணிக்கடை வேலைக்குப் போனார். ‘பொன்விதி’ என்ற பொருளில் ‘கோல்டன் ரூல்’ என்று பெயர் வைத்த கடைகள் அவை. பிறர் உனக்கு எதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறாயோ, அதையே நீ அவர்களுக்குச் செய் என்ற இயேசுவின் போதனைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. பென்னியின் உழைப்பைப் பார்த்த முதலாளிகள் இருவரும், புதிதாகத் திறக்கும் ஒரு கடையில் மூன்றில் ஒரு பங்கு தருவதாகச் சொன்னார்கள். பங்கின் விலை 2,000 டாலர். கையிலிருந்தது 500. மீதி 1,500-ஐ, சொந்த ஊர் வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கினார்.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கடனை வெறுத்தவராக அறியப்பட்ட பென்னியின் தொழிலும் கடனில்தான் தொடங்கியது. ஆனால் அது எவ்வளவு, எதற்கு, எப்படித் திருப்பிக் கட்டுவது என்று கணக்குப் பார்த்து வாங்கிய கடன்.

1902 ஏப்ரல் 14. வயோமிங் மாநிலத்தில் கெம்மரர் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் கடை திறந்தது. பென்னியும் மனைவி பெர்ட்டாவும் கைக்குழந்தையோடு கடையின் பரணில் குடியிருந்தார்கள். மேசை, நாற்காலி எல்லாம் சரக்கு வந்த மரப்பெட்டிகள்தாம்.

அந்த ஊரில் ரொக்கக் கடை பிழைக்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். காரணம் இருந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் நிறுவனத்தின் கடையில் கடனுக்கு வாங்குவார்கள், சம்பளத்தில் அது கழியும். மாதம் முழுக்க உழைத்தும் கையில் காசாக எதுவும் மிஞ்சாது. அந்த ஊரில் போய், ரொக்கம் கொடுத்தால்தான் சரக்கு என்றார் பென்னி. நம் ஊர் மளிகைக் கடைகளில் தொங்கும் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ பலகையின் அமெரிக்கப் பதிப்பு!

கடன் வராமல் போகும் நஷ்டம் இல்லாததால் விலையைக் குறைக்க முடிந்தது. முதல் நாள் அதிகாலையில் திறந்த கடையை நள்ளிரவில்தான் மூடினார்கள். அன்றைய விற்பனை 466.59 டாலர். முதல் ஆண்டு விற்பனை சுமார் 29,000 டாலர்.

அடுத்தடுத்த கடைகளும் வங்கிக் கடனில் முளைக்கவில்லை. ஒரு கடையில் நன்றாக வேலை பார்ப்பவரைப் பயிற்றுவிப்பார்கள். அவர் தன் சேமிப்பிலிருந்து புதிய கடையில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டு அதை நடத்துவார். பிறகு அவர் இன்னொருவரைப் பயிற்றுவிப்பார். பென்னி பங்காளிகளிடமிருந்து அவர்கள் பங்குகளை 1907-ல் வாங்கினார். 1913-ல் நிறுவனம் அவர் பெயருக்கு மாறியது. 1929-ல் கடைகளின் எண்ணிக்கை 1,400-ஐ நெருங்கிவிட்டது.

வீட்டுக் கதை வேறாக இருந்தது. கவுன்டருக்குப் பின்னால் நின்று கூடவே உழைத்த பெர்ட்டா, 1910-ல் நிமோனியாவால் இறந்தார். இரண்டு மகன்கள் தாயில்லாப் பிள்ளைகளானார்கள். 1919-ல் மறுமணம். அந்த மனைவியும் 1923-ல் இறந்தார். பணம் பெருகிக்கொண்டே இருந்த அதே ஆண்டுகளில்தான் இந்த இழப்புகளும். 1926-ல் கரோலைன் என்பவரை மணந்தார். பேட்டில் கிரீக் அறையில் எழுதிய கடிதம் அவருக்குத்தான்.

நல்ல காரியத்துக்காக வாங்கிய கடன்

சூதாடியோ, ஆடம்பரமாக வாழ்ந்தோ மட்டும்தான் கடனாளி ஆக முடியும் என்றில்லை. 1920-களில் பென்னிக்குக் கொடுக்கும் ஆசை வந்தது. ஃபுளோரிடாவில் 1,20,000 ஏக்கர் நிலம் வாங்கி, உழைக்கும் விவசாயக் குடும்பங்களைக் குடியமர்த்தும் பெரிய திட்டத்தைத் தொடங்கினார். ஓய்வுபெற்ற போதகர்கள் தங்குவதற்கு, தன் பெற்றோர் நினைவாக ஒரு குடியிருப்பையே கட்டினார். அறக்கட்டளை, கிறிஸ்தவப் பத்திரிகை, மியாமியில் ஒரு வங்கியின் தலைவர் பதவி... பட்டியல் நீண்டது.

இதற்கெல்லாம் பணம்? தன்னிடமிருந்த ஜே.சி.பென்னி நிறுவனப் பங்குகளை ஈடாக வைத்துக் கடன் வாங்கினார். நகைக்கடன் மாதிரிதான் இதுவும். நகையின் விலை ஏறும்வரை கவலை இல்லை. விலை பாதியாக விழுந்தால், ‘இன்னும் நகை கொண்டுவா, இல்லையென்றால் இருப்பதை விற்றுவிடுவோம்’ என்று கடன் கொடுத்தவர் நிற்பார்.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய பங்கின் விலை 120 டாலரிலிருந்து சுமார் 13 டாலருக்கு இறங்கியது. ஈடாக வைத்தவை கைவிட்டுப் போயின. 1930 டிசம்பரில் மியாமி வங்கியும் மூடியது. சுமார் 4 கோடி டாலர் சொத்து கரைந்தது. ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களின் மேலும் கடன் வாங்கும் நிலைக்கு வந்தார்.

இந்தக் கதையின் மையமே இங்கேதான் இருக்கிறது. கடன் கொடுக்காமல், ரொக்க வியாபாரம் செய்த அவருடைய கடைகள் அந்தப் பெரும் பொருளாதார வீழ்ச்சியைத் தாண்டி நின்றன. கடைக்கு வைத்த ஒழுங்கைத் தன் வாழ்க்கைக்கு வைக்காத முதலாளி விழுந்துவிட்டார். ‘நாளைக்கும் விலை ஏறும், நாளைக்கும் நான் சமாளிப்பேன்’ என்ற நம்பிக்கைதான் அவர் கொடுத்த உண்மையான அடமானம்.

சிற்றாலயத்திலிருந்து வந்த பாட்டு

கடிதங்களை எழுதிவிட்டுத் தூங்கியவர், மறுநாள் காலையில் உயிரோடு எழுந்தார். சாப்பாட்டு அறையை நோக்கி நடந்தபோது பாட்டுச் சத்தம் கேட்டது. மருத்துவ நிலையத்துக்குள்ளேயே இருந்த சிற்றாலயத்தில் ஒரு சிறு கூட்டம் காலை ஆராதனையில் இருந்தது. கடவுள் உன்னைப் பார்த்துக்கொள்வார் என்று ஆறுதல் சொல்லும் ஒரு பாட்டு. உள்ளே போய் உட்கார்ந்தார். பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம். அந்தச் சில நிமிடங்களில் தன்னை அழுத்திய இருட்டு விலகியதாகப் பின்னாளில் அவர் பலமுறை சொன்னார், எழுதினார்.

பிரசங்கியார் மகன்தான். விவிலிய வாசகத்தைக் கடைப்பலகையில் மாட்டியவர்தான். ஆனால் அதுவரை அவர் நம்பியது தன் உழைப்பையும் தன் ஒழுக்கத்தையும்தான். எல்லாம் தன் தோளில்தான் நிற்கிறது என்று அதுவரை நினைத்திருந்தவர், அன்றுதான் அந்தச் சுமையை இறக்கி வைத்தார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். அன்று காலை பென்னியின் கடன் மாயமாக மறைந்துவிடவில்லை. ஒரு ஜெபத்தில் கோடிகள் திரும்பி வரவில்லை. அக்கிக்கு மருத்துவம் தொடர்ந்தது. நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்து, ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எழுந்தார். ‘காணிக்கை போட்டால் கடன் தீரும்’ என்று மேடையில் யாராவது வாக்குக் கொடுத்தால், அதற்குப் பென்னியின் வாழ்க்கை சாட்சி சொல்லாது. அன்று அவருக்குக் கிடைத்தது பயமில்லாத மனம், இரவில் தூக்கம், காலையில் எழுந்து கடனை நேருக்கு நேர் பார்க்கும் தைரியம். திரும்பி எழ அது போதுமானதாக இருந்தது.

கடனைப் பற்றி விவிலியம்

கடன் வாங்குவதே பாவம் என்று விவிலியம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் எச்சரிக்கைகள் ஏராளம். கடன் வாங்கியவன் கொடுத்தவனுக்கு அடிமையாகிறான் என்கிறது நீதிமொழிகள் 22-ம் அதிகாரம். அதே நூலின் 6-ம் அதிகாரம், அடுத்தவருக்குப் பிணை நின்று மாட்டிக்கொண்டால் தூங்கக்கூடச் செய்யாமல் உடனே போய்க் கெஞ்சியாவது விடுவித்துக்கொள் என்று அவசரப்படுத்துகிறது. நண்பருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டை இழந்தவர்களுக்கு இந்த வரிகளின் சூடு தெரியும்.

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று லூக்கா 14-ல் இயேசு கேட்கிறார். சீடனாவதன் விலையைப் பற்றிய உவமை அது. ஆனாலும், அஸ்திவாரம் போட்டுவிட்டு முடிக்க முடியாமல் நிற்பவரைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்று அதில் வரும் காட்சி, எந்தத் தொழிலுக்கும் பொருந்தும்.

கடன் கொடுப்பவருக்கும் கட்டுப்பாடு உண்டு. ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே, அவன் போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு என்கிறது யாத்திராகமம் 22. மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்கவே கூடாது என்கிறது உபாகமம் 24. பிழைப்புக்கான கருவியைப் பறித்துவிட்டால் அவன் எதை வைத்துக் கடனை அடைப்பான்? இன்றைய கணக்கில் அது தையல்காரரின் மெஷின், ஓட்டுநரின் ஆட்டோ. ஏழாண்டுக்கு ஒருமுறை கடன்களை விட்டுவிடும் ஏற்பாடும் உபாகமம் 15-ல் இருக்கிறது.

கடன்பட்ட விதவை ஒருவரின் கதை 2 இராஜாக்கள் 4-ம் அதிகாரத்தில் வருகிறது. கடன்காரன் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். தீர்க்கதரிசி எலிசா அவரிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, ‘வீட்டில் உன்னிடம் என்ன இருக்கிறது?’ என்பதுதான். ஒரு குடம் எண்ணெய் இருக்கிறது என்கிறார் அந்தப் பெண். அற்புதம் நடந்து எண்ணெய் பெருகிய பிறகும் அவருக்குச் சொல்லப்பட்ட வேலை என்ன தெரியுமா? எண்ணெயை விற்று முதலில் கடனை அடை, மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள். அற்புதத்துக்குப் பிறகும் வியாபாரம் உண்டு, வரிசையில் கடன்தான் முதலில்!

ஓய்வும் ஒரு கட்டளைதான்

பத்துக் கட்டளைகளில் கொலை செய்யாதே, களவு செய்யாதே என்பவற்றோடு சேர்த்து, வாரத்தில் ஒரு நாள் வேலை செய்யாதே என்பதும் இருக்கிறது. உனக்கு மட்டுமல்ல, உன் வேலைக்காரருக்கும், உன் மாட்டுக்கும்கூட ஓய்வு என்று பட்டியல் போடுகிறது அந்தக் கட்டளை. முதலாளி ஓய்வெடுத்துக்கொண்டு, கடைப் பையனை வேலைக்கு வரச் சொன்னால் அது கணக்கில் சேராது.

காலை முதல் மாலை வரை தனியாளாக உட்கார்ந்து மக்களின் வழக்குகளைத் தீர்த்துக்கொண்டிருந்தார் மோசே. அதைப் பார்த்த மாமனார் எத்திரோ, ‘நீர் செய்கிறது நல்லதல்ல, நீரும் களைத்துப்போவீர், ஜனங்களும் களைத்துப்போவார்கள்’ என்ற கருத்தில் கண்டித்தார். திறமையானவர்களைத் தேர்ந்தெடுத்து வேலையைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். யாத்திராகமம் 18-ல் வரும் இந்த மாமனார்தான், இன்றைய மேனேஜ்மென்ட் வகுப்புகளுக்கெல்லாம் முன்னோடி.

எலியாவின் கதை இன்னும் நெருக்கமானது. ஓடி ஓடிக் களைத்த அந்தத் தீர்க்கதரிசி, செத்தால் போதும் என்று ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்துவிடுகிறார். தேவதூதன் வந்து அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்க விடுகிறார். மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பிடச் சொல்கிறார். களைத்தவருக்கு முதல் வைத்தியம் சோறும் தூக்கமும்தான் என்று 1 இராஜாக்கள் 19 சொல்கிறது. சாப்பிடக்கூட நேரமில்லாமல் அலைந்த சீடர்களை, தனிமையான இடத்துக்கு வந்து சற்று இளைப்பாறுங்கள் என்று இயேசுவும் அழைத்தார்.

வாரம் ஒரு நாள் கடையை அடைத்தால் வியாபாரம் போய்விடாதா? அமெரிக்காவின் அட்லான்டா அருகே ட்ரூயட் கேத்தி என்பவர் 1946-ல் தம்பியோடு சேர்ந்து ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை திறந்தார். 24 மணி நேரக் கடை. முதல் வாரம் முடிந்ததுமே இருவரும் துவண்டுபோனார்கள். கிறிஸ்தவரான கேத்தி, ஞாயிறன்று கடையை அடைத்தார். அந்தக் கடையிலிருந்து வளர்ந்ததுதான் ‘சிக்-ஃபில்-ஏ’ என்ற பெரிய உணவக நிறுவனம். இன்றைக்கும் அதன் உணவகங்கள் ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை.

எல்லோராலும் இது முடியாது என்பதும் உண்மை. தினக்கூலிக்கும், தள்ளுவண்டிக்காரருக்கும் ஒரு நாள் ஓய்வு என்பது ஒரு நாள் பட்டினி. அதனால்தான் ஓய்வுநாள் கட்டளை, ஓய்வு கொடுக்கக்கூடிய இடத்தில் இருப்பவரைப் பார்த்துப் பேசுகிறது.

‘தார்மீகக் கடமை’ நோட்டு

சரி, ஏற்கெனவே கடனில் மூழ்கியாயிற்று. இப்போது என்ன செய்வது? இதற்கும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. இன்று கெட்சப் பாட்டிலில் நாம் பார்க்கும் ‘ஹைன்ஸ்’ என்ற பெயருக்கு உரியவர், ஹென்றி ஜே. ஹைன்ஸ். பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த பக்தியான கிறிஸ்தவர், ஞாயிறு பள்ளிகளுக்காகக் காலமெல்லாம் உழைத்தவர்.

1875-ல் ஊறுகாய்க்கான வெள்ளரிக்காயை முன்பே பேசிய விலைக்கு வாங்கிக்கொள்வதாக விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். அந்த ஆண்டு வெள்ளரி கொட்டோ கொட்டென்று கொட்டியது. பொருளாதார நெருக்கடிக் காலம் வேறு. பணம் கொடுக்க முடியாமல், அந்த டிசம்பரில் நிறுவனம் திவாலானது. சொந்தப் பெயரில் தொழில் செய்ய முடியாத நிலையில், 1876-ல் தம்பி, சித்தப்பா மகன் போன்ற உறவுகளின் பெயரில் சிறியதாக மறுபடி தொடங்கினார்.

திவால் சட்டத்தின்படி பழைய கடன்களைக் கட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனாலும் ஒரு நோட்டு போட்டார். அதற்குத் ‘தார்மீகக் கடமை’ என்ற பொருளில் பெயர் வைத்து, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று எழுதி வைத்தார். பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, தன் பங்கைக் கொடுத்துத் தீர்த்தார். கடன் கொடுத்தவர்களுக்கு அது பணம். ஹைன்ஸுக்கோ, போன பெயர் திரும்பி வந்தது.

தொழில் செய்பவர்கள் கேட்டுக்கொள்ள ஐந்து கேள்விகள்

பென்னி, ஹைன்ஸ், கேத்தி ஆகியோரின் அனுபவங்களிலிருந்து, எந்த மதத்தவரும் தங்களைக் கேட்டுக்கொள்ளக்கூடிய கேள்விகள் இவை.

1. இந்தக் கடனைக் கட்டும் வழி, இன்று நடக்கும் வியாபாரத்தில் இருக்கிறதா, நாளைக்கு நடக்கும் என்று நம்பும் வியாபாரத்தில் இருக்கிறதா? இரண்டாவது என்றால், தொகையைப் பாதியாக்கி யோசிக்கலாம்.

2. மொத்தக் கடன் எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதியிருக்கிறோமா? யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எப்போது என்று எழுதிப் பார்த்தாலே பாதிப் பயம் குறையும்.

3. வீட்டில் சொல்லியிருக்கிறோமா? மனைவிக்கு, கணவருக்குத் தெரியாத கடன்தான் அதிகம் வளரும். எழுதி வைத்த கடிதத்தில் தெரிவதைவிட, பேசித் தெரிவது நல்லது.

4. நாம் ஒரு வாரம் இல்லாவிட்டால் கடை நடக்குமா? நடக்காது என்றால், இன்னொருவருக்கு வேலையைக் கற்றுக்கொடுக்க இன்றே தொடங்கலாம்.

5. கடைசியாக ஒரு நாள் முழுக்க வேலையை மறந்தது எப்போது? பதில் நினைவுக்கு வரவில்லை என்றால், அடுத்த ஓய்வு நாளைக் காலண்டரில் இப்போதே வட்டமிடலாம்.

கடன் நெருக்கடியில் தூக்கமும் பசியும் போய், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், அது உடனே உதவி கேட்க வேண்டிய நேரம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் 24 மணி நேரமும் பேசலாம். பென்னிக்கும் அன்று மருத்துவமனையும் தேவைப்பட்டது, சிற்றாலயமும் தேவைப்பட்டது.

இரண்டு கடன்கள்

கடன் என்பது நாளைய வருமானத்தை இன்றே செலவழிப்பது. அளவுமீறிய உழைப்பு என்பது நாளைய உடம்பை இன்றே செலவழிப்பது. நாளை நம் கையில்தான் இருக்கிறது என்ற எண்ணத்தில் பிறப்பவை இரண்டும். நாளைக்கு இந்த ஊருக்குப் போவோம், வியாபாரம் செய்வோம், லாபம் சம்பாதிப்போம் என்று சொல்பவர்களைப் பார்த்து, நாளைக்கு நடப்பது உங்களுக்குத் தெரியாதே என்று யாக்கோபு தன் நிருபத்தில் கேட்பது இதைத்தான். அதற்காகக் கைகட்டி உட்காரச் சொல்லவில்லை. கடவுளுக்குச் சித்தமானால் என்று சொல்லிக்கொண்டே திட்டம் போடச் சொல்கிறார்.

விடியலைப் பார்க்க மாட்டேன் என்று கடிதம் எழுதிய பென்னி, அதன் பிறகு ஏறத்தாழ 40 ஆண்டுகள் வாழ்ந்தார். 1940-ல், அயோவா மாநிலத்திலுள்ள அவருடைய கடையில் மாதம் 75 டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்த ஓர் இளைஞனுக்கு, காகிதத்தையும் நூலையும் வீணாக்காமல் பொட்டலம் கட்டச் சொல்லிக்கொடுத்தார். அந்த இளைஞர் சாம் வால்டன், பின்னாளில் வால்மார்ட்டைத் தொடங்கியவர். 1971-ல், 95 வயதில் பென்னி காலமானார்.

அவர் காலத்துக்குப் பின் நிறுவனம் கடன் சுமையில் சிக்கியது. கொரோனா கடைகளை மூடவைத்த 2020 மே மாதத்தில், திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. ரொக்கத்தில் பிறந்த நிறுவனத்துக்கும் அதே பாடம், இன்னொரு முறை.

ஃபுளோரிடாவில் பென்னி திட்டமிட்ட அந்தப் பெரிய விவசாயக் குடியேற்றம் வீழ்ச்சியில் கலைந்துபோனது. ஆனால் ஓய்வுபெற்ற போதகர்களுக்காகப் பெற்றோர் நினைவில் கட்டிய குடியிருப்பு இன்னும் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க ஓய்வறியாமல் உழைத்தவர் விட்டுப்போனவற்றில், மற்றவர்கள் இளைப்பாறுவதற்குக் கட்டிய அந்த வீடுகளும் ஒன்று.